கைகள் பேசும் ஊர்



இத்தாலி போய்விட்டு வந்து ஒரு மாதம் ஆகிறது. படங்களைப் போட்ட நாளிலிருந்து கேள்விக்கு மேல் கேள்வி. "டீச்சர், எவ்வளவு செலவாச்சு?" "மதினி, சோத்துக்கு என்ன செஞ்சீங்க?" "அண்ணன் எப்படி வந்தாரு? வாசப்படி தாண்ட மாட்டாரே!" இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். பழைய மாணவர்கள் யாரும் பாதியில் எழுந்து போகக் கூடாது!

முதலில் செலவுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மகளும் மருமகனும் மிலானில் வேலை பார்க்கிறார்கள். மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். விமான டிக்கெட், விசா, இன்சூரன்ஸ், ரயில், வெளியூர்களில் தங்கிய அறை எல்லாம் சேர்த்து எங்கள் இருவருக்கும் நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மிலானில் மகள் வீட்டிலேயே தங்கியதால் இதோடு முடிந்தது. என் பென்ஷனில் ஐந்து வருடமாகச் சேர்த்த பணம். விசாவுக்கு 30,000 யூரோ வரை செலவை ஏற்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாலில் செய்த பண்டங்களையும் இறைச்சியையும் இங்கிருந்து எடுத்துப் போகக் கூடாது. அதனால் நம்ம ஊர்ப் பால்கோவா பெட்டியில் ஏறவில்லை. ரசப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், மாவடு எல்லாம் ஏறின.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம் பொதிகை எக்ஸ்பிரஸில் கிளம்பினோம். மொத்தம் 24 நாள்.

இனி அந்தக் கடைசிக் கேள்வி. எங்க வீட்டுக்காரரைப் பற்றி எழுதப் போகிறேன். அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகுதான் போடுகிறேன்.

அவர் ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 34 வருடம் ரிங் பிரேம் ஃபிட்டராக இருந்தவர். மில்லுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மிஷினிலும் நூற்றுக்கணக்கான ஸ்பிண்டில்கள் சுற்றும். அப்படி வரிசை வரிசையாக மிஷின்கள். பக்கத்தில் நிற்பவர் காதில் வாய் வைத்துக் கத்தினால்தான் கேட்கும். அந்தச் சத்தத்தில் தினம் எட்டு மணி நேரம், மூன்று ஷிப்டும் மாறி மாறி.

காது ஒரே நாளில் போய்விடுவதில்லை. முதலில் மெல்லிய, கீச்சென்ற ஒலிகள் போகும். குருவிச் சத்தம் போகும், கைக்கடிகார அலாரம் போகும். அப்புறம் குழந்தைகள் பேசுவது பிடிபடாது. பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. மில்லில் இருந்தவரை அவருக்கு இது ஒரு குறையாகவே படவில்லை. அங்கே யாருக்குமே எதுவும் கேட்காது அல்லவா! வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "எப்ப வந்தீங்க?" என்று கேட்டார். இவர் "ரெண்டு போதும், வயிறு நிறைஞ்சிருச்சு" என்றார். பந்தியே சிரித்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. இவரும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. "நீ போய்ட்டு வா, நான் வீட்டைப் பாத்துக்கிறேன்" என்பார். காது மெஷின் வாங்கினோம். நான்கு நாள் போட்டார், "எல்லாச் சத்தமும் இரையுது" என்று கழற்றி பீரோவில் வைத்தார். மகள் ஃபோனில் பேசினால் என்னிடம் நீட்டிவிடுவார். மூன்று வருடத்தில் அவர் பேச்சு பத்துப் பதினைந்து வார்த்தைக்குள் சுருங்கிப் போனது. "மிலானுக்கு வர்றேன்" என்று அவர் சொன்னதற்கு ஒரே காரணம் பேத்தி. அவளுக்கு நான்கு வயது.

மிலானில் முதல் வாரம். பால்கோவாவைக் கொண்டுபோக முடியாவிட்டால் என்ன, பால் எல்லா ஊரிலும் உண்டுதானே. அங்கே கிடைத்த கொழுப்புள்ள பாலை வாங்கி, இரண்டரை மணி நேரம் நின்று கிண்டி ஒரு டப்பா தேற்றினேன். எதிர் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக இருக்கிறார். அவருக்கு ஒரு கிண்ணம் கொண்டு போனோம். ஒரு வாய் போட்டவர், ஆள்காட்டி விரலைத் தன் கன்னத்தில் வைத்து ஸ்க்ரூ முடுக்குவது போலத் திருகினார்.

எங்க வீட்டுக்காரர் பயந்துபோய், "பல்லு வலிக்குதாமா?" என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ரொம்ப ருசியா இருக்குன்னு அர்த்தம்ப்பா!"

அந்த ஊரில் ஒருவரும் கையைச் சும்மா வைத்துக்கொண்டு பேசுவதில்லை. ஐந்து விரலையும் மேல்நோக்கிக் குவித்து ஆட்டினால் "என்னதான் சொல்ற?" தாடைக்கு அடியில் விரல்களை உரசி முன்னால் தள்ளினால் "எனக்கென்ன வந்தது?" ட்ராமில் எதிரே இரண்டு பேர் பேசினால் போதும், நமக்கு ஒரு வார்த்தை தெரியாவிட்டாலும் சண்டையா சமாதானமா என்று தெரிந்துவிடும்.

இதைப் பார்த்து எங்க வீட்டுக்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம். "நம்ம மில்லு மாதிரியில்ல இருக்கு!" என்றார்.

மில்லில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தச் சத்தத்துக்குள் அவர்கள் வாயால் பேசுவதில்லை. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் திருகினால் நூல் அறுந்திருக்கிறது. கையைக் கவிழ்த்துச் சாய்த்தால் டீக்கு நேரமாச்சு. தோள்பட்டையைத் தட்டினால் மேஸ்திரி வருகிறார், உஷார்! இருபதடி தள்ளி நிற்கும் ஆளிடம் வீட்டு விசேஷம் முதல் சம்பளக் கடன் வரை பேசிவிடுவார்கள். 34 வருடம் பேசிய அந்த மொழியை ஓய்வுபெற்ற அன்றே அவர் இழந்திருந்தார். வெளியே அதைப் பேச ஆள் இல்லை. காது போனதை மட்டும்தான் நாங்கள் எல்லாரும் கணக்கில் வைத்திருந்தோம்.

மிலானின் பெரிய தேவாலயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1386இல் கட்ட ஆரம்பித்து, கடைசிக் கதவை 1965இல்தான் மாட்டினார்களாம். அதன் கூரை மேல் நடக்கலாம். லிஃப்ட் உண்டு, மூட்டு வலிக்காரர்கள் பயப்பட வேண்டாம். சுற்றிலும் 135 பளிங்குக் கூம்புகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சிலை. நம்ம ஆண்டாள் கோயில் கோபுரத்தின் பதினோரு நிலையை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். கோபுரச் சிலைகளுக்கு நடுவே நாமே நடப்பது எப்படி இருக்கும் என்று அங்கே தெரிந்துகொண்டேன். பெரிய தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. புடவைக்கு எங்கேயும் தடை இல்லை!

அடுத்து கோமோ ஏரி. மிலானிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் வரென்னா என்ற சிறிய ஊர். அங்கிருந்து படகில் கால் மணி நேரத்தில் பெல்லாஜியோ. மலை நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. ஏரியின் ஆழம் 400 மீட்டருக்கு மேல். ஊரெல்லாம் படிக்கட்டுச் சந்துகள். படங்களில் நான் நீலப்புடவையில் நிற்பது அங்கேதான். ஏரியின் தென்மேற்கு முனையில் கோமோ நகரம். ஏழாம் வகுப்பில் 'வோல்ட்' படித்தீர்களே, அந்த வோல்டா 1745இல் பிறந்த ஊர். மின்கலத்தைக் கண்டுபிடித்தவருக்கு ஏரிக்கரையிலேயே ஒரு நினைவு மண்டபம் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. கோமோ பட்டுக்குப் பேர்போன ஊர். அங்கே பட்டுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பட்டுப்புழு வளர்ப்பு, நூல் முறுக்கும் பழைய மிஷின்கள், தறி, சாயம், அச்சு என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். மரத்தாலான, வட்ட வடிவ முறுக்கு மிஷின் ஒன்று ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது. எங்க வீட்டுக்காரர் அதன் முன்னால் நின்றவர் நகரவே இல்லை.

பக்கத்தில் ஒரு பெரியவர், எண்பது வயது இருக்கலாம், பேரனோடு வந்திருந்தார். அவரும் அந்த மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்க வீட்டுக்காரர் ஸ்பிண்டிலைக் காட்டி, இரண்டு விரலைச் சேர்த்துத் திருகிக் காட்டினார். அவ்வளவுதான். அந்தப் பெரியவர் அதையே திருப்பிச் செய்தார். அப்புறம் இவர் நூல் அறுவதைக் காட்ட, அவர் முடிச்சுப் போடுவதைக் காட்ட, இவர் "நம்ம ஊர்ல முடிச்சு கிடையாது, இப்படி ஒட்டித் திருகணும்" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு கையில் காட்ட, இருபது நிமிடம் போனதே தெரியவில்லை. அவர் பட்டு ஆலைத் தொழிலாளி என்று பேரன் மகளிடம் சொன்னான்.

கிளம்பும்போது இவர் தன் காதைத் தொட்டு, கையை விரித்து 'போச்சு' என்று காட்டினார். அந்தப் பெரியவர் சிரித்தார். தலையைத் திருப்பித் தன் காதைக் காட்டினார். அதில் மெஷின் இருந்தது. மூக்குக் கண்ணாடியைத் தொட்டார், காது மெஷினைத் தொட்டார், இரண்டும் ஒன்றுதான் என்பது போலத் தோளைக் குலுக்கினார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் படம் எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை.

அடுத்து கார்டா ஏரி. இத்தாலியிலேயே பெரிய ஏரி இதுதான், 370 சதுர கிலோமீட்டர். சிர்மியோனே என்ற ஊர் ஏரிக்குள் நாக்கு நீட்டியது போல இருக்கிறது. வாசலிலேயே நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த கோட்டை. எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். நாங்கள் கரையிலிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனோம். இது என் பிடிவாதம். காஸ்திலியோனே டெல்லே ஸ்திவியேரே என்ற சிற்றூர். பேரைப் பார்த்து மிரள வேண்டாம். நம்ம வீரமாமுனிவர் 1680இல் பிறந்த ஊர்!

என்னிடம் ஒன்றாம் வகுப்பு படித்தவர்களுக்கு நினைவிருக்கும். 'எ' போட்டுக் காலை இழுத்தால் 'ஏ'. 'ஒ' போட்டுச் சுழித்தால் 'ஓ'. பழைய ஓலைகளில் இந்த வேறுபாடு இல்லை. குறிலுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும் என்பது இலக்கணம், ஆனால் ஓலை கிழியும் என்று புள்ளி வைக்காமல் விட்டுவிடுவார்கள். அது 'கொடு'வா, 'கோடு'வா என்று முன்னும் பின்னும் பார்த்து ஊகித்துத்தான் படிக்க வேண்டும். நம்ம மண்ணுக்கு வந்து, தமிழைக் கற்று, 3615 பாடல்களில் தேம்பாவணி செய்த அந்த மனிதர்தான் நெடிலுக்கு இந்தக் காலையும் சுழியையும் இரட்டைக்கொம்பையும் வைத்தார். 35 வருடம் பிஞ்சு விரல்களைப் பிடித்து நான் எழுதிக் கொடுத்த எழுத்து. அந்தத் தெருவில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

எங்க வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நான் தினமும் புள்ளி வைக்காத ஓலையத்தான படிச்சிட்டிருக்கேன்." பாதி ஒலி கேட்கிறது, மீதியை ஊகிக்கிறார். அவருக்கு எப்படிக் கேட்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த டாக்டரும் எனக்குச் சொன்னதில்லை.

அதே ஊரில் செஞ்சிலுவைச் சங்க அருங்காட்சியகம் இருக்கிறது. ஜே.ஆர்.சி. பிள்ளைகளே, ஹென்றி டூனாண்ட் பாடம் நினைவிருக்கிறதா? 1859 ஜூன் 24, சோல்பரினோ போர். அந்தப் போர்க்களம் இதற்குப் பக்கத்தில்தான். ஒரே நாளில் இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் என்று ஏறத்தாழ 40,000 பேர். ஆயிரக்கணக்கான காயக்காரர்களை இந்தச் சிற்றூருக்குத்தான் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சுக்காரர், ஆஸ்திரியர், ஹங்கேரியர் என்று எத்தனையோ மொழி. ஊர்ப்பெண்கள் நம்ம ஆள், எதிரி ஆள் என்று பார்க்காமல் தண்ணீர் கொடுத்தார்கள், துணி கிழித்துக் கட்டினார்கள். அதைப் பார்த்த டூனாண்ட் எழுதிய புத்தகம் 1862இல் வந்தது. அடுத்த வருடம் செஞ்சிலுவைச் சங்கம் பிறந்தது. 1901இல் முதல் அமைதி நோபல் பரிசில் பாதி அவருக்கு.

உள்ளே பழைய ஸ்ட்ரெச்சர்கள், குதிரை இழுத்த ஆம்புலன்ஸ் வண்டிகள், அறுவைக் கருவிகள். எங்க வீட்டுக்காரரின் அம்மா வீடு சத்திரப்பட்டி. அங்கே தெருவுக்குத் தெரு பேண்டேஜ் துணி நெய்யும் தறிதான். ஒரு கட்டுத்துணியின் நெசவைக் கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊர்த் துணி மாதிரியே இருக்கு" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "பாஷை தெரியாமத்தான அந்தப் பொம்பளைங்க பாத்துக்கிட்டாங்க" என்றார். அந்த இரண்டு வரிக்காகவே இந்தப் பயணம் போயிருக்கலாம் என்று தோன்றியது எனக்கு.

வெனிஸைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்ட சின்னத் தீவுகள், நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள், ஆம்புலன்ஸ்கூடப் படகுதான். நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. அங்கே கார் கிடையாது, பைக் கிடையாது, ஹாரன் கிடையாது. கூட்டம் வருவதற்கு முன் காலை ஆறு மணிக்கு ஒரு சந்தில் நடந்துகொண்டிருந்தோம். "தண்ணி பாட்டில எடுத்தீங்களா?" என்று எப்போதும் போல மெதுவாகக் கேட்டேன். "பையில இருக்கு" என்றார். நான்கு எட்டு நடந்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. நான் குரலை உயர்த்தவில்லை, அவர் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. சுற்றிலும் இரைச்சல் இல்லாவிட்டால் அவருக்குக் கேட்கிறது! அன்று காலை முழுக்க அந்தச் சந்துகளில் பேசிக்கொண்டே நடந்தோம். என்ன பேசினோம் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. மகள் பிறந்தபோது பெய்த மழை, விற்றுப்போன சைக்கிள், அப்படித்தான்.

பிளாரன்ஸில் 1436இல் முடித்த அந்தப் பெரிய குவிமாடம், ரோமில் கொலோசியம், உச்சியில் வானம் தெரிய வட்டமாகத் திறந்திருக்கும் பாந்தியன் எல்லாம் பார்த்தோம். படங்கள் ஏற்கெனவே போட்டுவிட்டேன். போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ரோமில் தெருக்குழாயில் எந்நேரமும் நல்ல குடிநீர் வருகிறது, பாட்டிலைத் தூக்கி எறிய வேண்டாம். காபியை நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் கூடுதல் விலை. உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தால், ஏறும் முன் பிளாட்பாரத்து மிஷினில் முத்திரை குத்த வேண்டும். சோறு தேடுபவர்களுக்கு மிலானின் குங்குமப்பூ ரிசொட்டோ கைகொடுக்கும். குழைந்த சோறுதான், மாவடுவோடு நன்றாகவே இறங்கியது.

ஒரு விஷயம் மனதில் தங்கிவிட்டது. 24 நாளும் கடைக்காரர், டிக்கெட் கொடுப்பவர், படகுக்காரர் என்று எத்தனையோ பேரிடம் பேசினோம். புரியவில்லை என்றால் அவர்கள் திரும்பச் சொன்னார்கள். மறுபடி புரியவில்லை என்றால் கையால் காட்டினார்கள், பேப்பரில் எழுதினார்கள். சலித்துக்கொண்டவர்கள் சிலர்தான். வெளியூர்க்காரருக்குப் புரியாவிட்டால் மூன்று தடவை சிரித்துக்கொண்டே சொல்கிறது உலகம். வீட்டு மனிதர் "என்ன?" என்று கேட்டால் மட்டும் "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று முடித்துவிடுகிறது. அங்கே எங்கள் இருவருக்குமே ஒன்றும் புரியாது. அதனால் அவர் மட்டும் தனித்துத் தெரியவில்லை. 24 நாள் அவர் காது கேளாதவராக இல்லை, வெளியூர்க்காரராக இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊர் திரும்பி பத்து நாள் கழித்து பீரோவைத் திறந்தார். மெஷினைத் துடைத்தார். "பேட்டரி வாங்கணும்" என்றார். இப்போது காலையில் இரண்டு மணி நேரம் போடுகிறார். இரைச்சல் தொந்தரவு இன்னும் இருக்கிறது. மெஷினைச் சரிசெய்து தரச் சொல்லி மதுரைக்குப் போய்வந்தோம், இன்னும் இரண்டு முறை போக வேண்டும். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஆவணியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நம்ம வீட்டுக் கல்யாணம் வருகிறது. அவர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சொந்தக்காரர்கள் எல்லாரும் இதைப் படிப்பீர்கள் என்பதால் டீச்சராக மூன்று வீட்டுப்பாடம் கொடுக்கிறேன்.

ஒன்று: அவர் முகத்துக்கு நேரே வந்து பேசுங்கள். முதுகுக்குப் பின்னாலிருந்தோ, மேளச் சத்தத்துக்கு நடுவிலோ வேண்டாம். கத்த வேண்டாம், கத்தினால் சொல் உடைந்துதான் கேட்கும். நிதானமாகப் பேசினால் போதும்.

இரண்டு: கையைப் பயன்படுத்துங்கள். வெட்கப்பட வேண்டாம். அவர் உங்களைவிட நன்றாகப் பேசுவார்.

மூன்று: அவர் "என்ன?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொல்லாதீர்கள். சின்ன விஷயமாக இருந்தாலும் திரும்பச் சொல்லுங்கள்.

மில்லிலும் தறியிலும் வேலை பார்க்கும் என் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்தச் சத்தம் உங்கள் காதைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். போன காது திரும்ப வராது. இரைச்சலால் வரும் காது கேளாமை 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையிலேயே தொழில் நோயாகச் சேர்க்கப்பட்டிருந்தது. காதடைப்பானைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். வருடம் ஒருமுறை காதைப் பரிசோதியுங்கள். உங்கள் அப்பாக்களுக்கும் செய்யுங்கள். டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறார், பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்றால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

கல்யாணத்தில் சந்திப்போம். பந்தியில் அவருக்கு எதிர் இலையில் உட்காருங்கள், பக்கத்து இலையில் வேண்டாம். பால்கோவா நன்றாக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இப்போது உங்களுக்கும் தெரியும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்